அவள் பெயரைத் திருப்பிக் கொடுத்தது

அம்மா போவதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு மத்தியான வேளையில், கண்ணை மூடியபடியே "மலரு எங்க?" என்று கேட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆதார் அட்டையிலும் ரேஷன் அட்டையிலும் நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியின் பதிவேட்டிலும் நான்தான் மலர்விழி. "நாந்தாம்மா மலரு, இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். மயக்கத்தில் பார்ப்பது போல இல்லை. ஆட்டுக்குத் தழை ஒடித்தாயா என்று கேட்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"நீ தவுடு. எனக்குத் தெரியாதா? நான் அவளக் கேட்டேன்."

அவள் என்று அம்மா சொன்னது என் அக்காவை. நான் அவளைப் பார்த்ததே இல்லை. எங்கள் தோட்டத்தில் சம்பங்கி முதல் பறிப்பு எடுத்த வாரத்தில், திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் அவள் பிறந்தாள். அப்பா பேச்சிமுத்து ஆசையாக மலர்விழி என்று பெயர் வைத்து, ஆஸ்பத்திரியிலேயே பதிந்து, பிறப்புச் சான்றிதழும் வாங்கி வந்தார். பத்தாம் மாதம் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. தோட்டத்து வரப்போரம் வேம்படியில் புதைத்தார்கள். பிறப்பைப் பதிந்தவர்கள் இறப்பைப் பதியவில்லை. அந்தத் தாள் தகரப்பெட்டிக்குள் கிடந்தது.

ஒன்றே முக்கால் வருடம் கழித்து நான் வீட்டிலேயே பிறந்தேன். மூத்தது தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குச் செய்வதை எனக்கும் செய்தார்கள். பிறந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரியின் கையில் என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினாள் அம்மா. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைதானே, இது எதற்கும் ஆகாது என்று எமன் விட்டுவிடுவானாம். தவிட்டம்மாள் என்று கூப்பிட்டார்கள். எமனும் விட்டுவிட்டான். ஆனால் எங்கேயும் யாரும் என்னைப் பதியவில்லை.

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியர் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு தாள் பிள்ளை இல்லாமல் கிடந்தது, ஒரு பிள்ளை தாள் இல்லாமல் நின்றது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வதில்லையா, அதுபோல.

வகுப்பில் மலர்விழி என்று கூப்பிட்டதும் நான் உடனே சொல்ல மாட்டேன். ஒரு மூச்சு நேரம் காத்திருப்பேன். பின்னால் யாராவது எழுந்துவிடுவார்களோ என்று தோன்றும். யாரும் எழாததால் "உள்ளேன் ஐயா" என்பேன். பிறகு பேங்கிலும், ஓட்டுச் சாவடியிலும், என் கல்யாணத்தில் பத்திரிகையைச் சத்தமாக வாசித்தபோதும் அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு இருந்தது.

அம்மா ஒரு நாள்கூட என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. ரேஷன் கடையில் மலர்விழி இருக்காளா என்று கேட்டால் மட்டும் "இருக்கா, இருக்கா" என்று இரண்டு தடவை சொல்வாள். வீடு திரும்பும் வழியில் அட்டையில் அந்தப் பெயர் இருக்கும் இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே வருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த இடம் என்று தெரியும்.

கஞ்சியைக் கீழே வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கெளம்பப் போறேன் தாயி. அங்க போயி அவள என்னன்னு சொல்லிக் கூப்புடுறது? பேரு உங்கிட்டல்ல இருக்கு."

"அங்க பேரெல்லாம் கேப்பாகளாம்மா?"

"பேரு இல்லாம பிள்ள எப்புடி ஏறிட்டுப் பாக்கும்? அம்புட்டுப் பேரு நிப்பாக. குடுத்துரு. நீ நல்லாருப்ப, குடுத்துரு."

சரிம்மா, கொடுத்துவிடுகிறேன் என்றேன். மார்கழி கடைசியில் ஒரு காலையில், பனி இறங்கிச் சிறுமலையே தெரியாமல் இருந்தபோது, அம்மா போய்விட்டாள்.

முப்பதாம் நாள் காரியம் வரைக்கும் அந்தப் பேச்சை மனதிலேயே வைத்திருந்தேன். வாசல் தெளிக்கும்போது, அம்மா அங்கே ஒரு கூட்டத்துக்குள் நிற்பது கண்ணுக்குள் தெரியும். ஏதோ திருவிழாக் கூட்டம் மாதிரி. சின்னப் பிள்ளைகள் எல்லாம் முதுகு காட்டி நிற்கும். அம்மா வாயைத் திறந்து திறந்து மூடுவாள். எந்தத் தலை திரும்பும் என்று நானும் வாளியோடு நின்றுவிடுவேன். தண்ணீர் காலில் கொட்டிய பிறகுதான் வாசல் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியில் என் வீட்டுக்காரர் பழனிக்குமாரிடம் சொன்னேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய் லாரி ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டே முழுதும் கேட்டார். "மலர்விழிங்கிற புள்ளையத்தான் எனக்குக் கட்டி வச்சாங்க. இருவத்தாறு வருசம் கழிச்சு ஆள மாத்திக் குடுக்கறியா?" என்றார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, செய்வதானால் சட்டப்படி சரியாகச் செய், அரைகுறையாகச் செய்தால் பென்ஷனில் வந்து நிற்கும் என்றார். அதுதான் அவர் சம்மதம்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. எங்கள் தோட்டம் கைமாறி இப்போது பிளாட் போட்டுவிட்டார்கள். வேம்பு இல்லை, வரப்பு இல்லை. வெள்ளையடித்த கல் வரிசையாக நிற்கிறது. அக்கா இருந்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் நான் கழற்றிவிட்டால் அம்மாவிடம் போய்ச் சேருமா, இல்லை காற்றோடு போய்விடுமா?

பேகம்பூரில் ரஃபி என்பவரின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கன்வாடி வேலையாக ஏற்கெனவே பழக்கம். நாற்பது வயது ஆள், எந்த விண்ணப்பமானாலும் மனப்பாடமாகச் சொல்வார். பெயர் மாற்றத்துக்கு அரசிதழில் வெளியிட வேண்டும் என்றும், அதற்கான படிவம், புகைப்படம், பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளிச் சான்றிதழ் நகல், முகவரிக்கு ஆதார், அதிகாரி ஒருவரின் சான்றொப்பம் எல்லாம் சேர்த்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். அரசிதழ் வந்த பிறகு அதை வைத்துத்தான் ஆதார், அப்புறம் ரேஷன், வாக்காளர் அட்டை, பேங்க், கடைசியாகப் பணிப்பதிவேடு. "ஆதார் மொதல்ல மாறிட்டா மத்ததெல்லாம் பின்னாலேயே வந்துரும்க்கா" என்றார்.

நான் துண்டுத்தாளில் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன். ரஃபி தட்டச்சு செய்து நீட்டினார். அம்மா போய் ஐம்பது நாள்கூட ஆகவில்லை. அப்போதெல்லாம் எந்த எழுத்தைப் பார்த்தாலும் பனிக்குள் பார்ப்பது போலத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டேன். கால்நடை மருத்துவர் சான்றொப்பம் இடலாம் என்றார்கள். எங்கள் ஆடுகளுக்குப் பார்ப்பவரிடமே போனேன். ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து, கை கழுவி, என் புகைப்படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுநாள் வாசல் தெளிக்கும்போது கூட்டம் தெரியவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சித்திரையில் தபால் திரும்பி வந்தது. பழைய பெயருக்கான சான்று எதுவும் இணைக்கப்படவில்லை என்று குறிப்பு. எல்லாம்தான் வைத்தேனே என்று படிவத்தைப் பிரித்தேன். தவிட்டம்மாள் ஆகிய நான் இனி மலர்விழி என்று அழைக்கப்படுவேன் என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா கேட்டதற்கு நேர் எதிராக நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் பெயர் எனக்கே எனக்கு என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வாங்கி, இரண்டு மாதமாக அது சென்னையில் இருந்திருக்கிறது. அந்த இரண்டு மாதமும் அம்மா அங்கே யாரை எப்படிக் கூப்பிட்டிருப்பாள்?

ரஃபியிடம் கொண்டு போனேன். படிவத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "நீங்க ரெண்டையும் மாத்தி எழுதிக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சுட்டேன்க்கா. நாந்தான் திருத்தினேன்" என்றார். பிறகு, "ஊரே தவுட்டம்மாவ விட்டுட்டு மலருன்னு மாத்திக்கிட்டுப் போகுது. மொக்கைச்சாமின்னு ஒருத்தர் வந்தாரு, முகேஷ்குமாரா திரும்பிப் போனாரு. மலர்விழிய விட்டுட்டுத் தவுடுக்கு வர்ற ஆள நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல. ஏன்க்கா?" என்றார்.

நான் சொன்னேன். வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாததை, ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்து போய்க்கொண்டிருந்த அந்தக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். பள்ளிவாசலிலிருந்து பாங்கு சத்தம் வந்தது. ரஃபி தலையைக் குனிந்து அது முடியும் வரை இருந்தார்.

"அம்மா தேடிக்கிட்டு இருப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கும்."

"செத்த இருங்க. இப்பவே அடிச்சுருவோம்."

இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்னை வாசிக்கச் சொன்னார். பிறந்த தேதி என்ற கட்டம் வந்ததும் நிறுத்தி, இதுவும் அக்காவுடையதுதானே, இதை என்ன செய்வது என்று கேட்டார். நான் பிறந்தது கண்மாய் நிறைந்து மறுகால் போன ஒரு வெள்ளிக்கிழமை என்பது மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். அதற்கு எந்தத் தாளும் கிடையாது. பெயர் மாற்றத்தில் தேதி மாறாது, பள்ளிச் சான்றிதழில் இருப்பதுதான் இருக்கும் என்றார் ரஃபி.

"இருக்கட்டும். அம்மா பேரத்தான் கேட்டா. நாளக் கேக்கல" என்றேன்.

படிவத்தில் பழைய பெயரில்தான் கையெழுத்திட வேண்டும். நாற்பது வருடமாகப் போட்ட கையெழுத்து. 'ம'வைப் பெரிதாகச் சுழித்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பேன். அன்றைக்குப் பேனா நகர மறுத்தது. போட்டுவிட்டு, மை காயும் வரை தாளைக் கையிலேயே வைத்திருந்தேன். கூலி வாங்க மறந்துவிட்டார் ரஃபி. நானும் கொடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் போய்க் கொடுத்தபோது பழைய படிவத்தைக் காட்டி, தப்பு என்னுது, இது கணக்கில் சேராது என்று வாங்க மறுத்தார்.

ஆடி மாதம் ரஃபி போன் செய்தார். அரசிதழில் வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை. போனபோது பிரதி எடுத்து, மடங்காமல் இருக்க உறைக்குள் போட்டு வைத்திருந்தார். எங்கள் வரியின் கீழே பென்சிலால் லேசாகக் கோடு போட்டிருந்தது.

மலர்விழி, தந்தை பெயர் பேச்சிமுத்து, பிறந்த தேதி, மாவட்டம் திண்டுக்கல், இனி தவிட்டம்மாள் என்று அழைக்கப்படுவார். அவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ரேஷன் அட்டையிலே அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. வீட்டில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை. நான் வரும்போது அவள் போயிருந்தாள். இந்த வரியில் அவள் முன்னால் நிற்கிறாள், நான் பின்னால் நிற்கிறேன், நடுவில் அப்பா இருக்கிறார். அரசாங்கம் அச்சடித்த தாள், எங்கேயும் போய்விடாது. என் பயம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. மணிக்கூண்டுப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அது என்னிடம் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. ஆதார் மையத்தில் தவிட்டம்மாள் என்று கூப்பிட்டபோது வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் அப்போதே எழுந்து போனேன். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அந்த ஒரு மூச்சு நேரம் நான் காத்திருக்கவில்லை. பேங்கில் புதுக் கையெழுத்துக் கேட்டார்கள். வீட்டில் பழைய நோட்டில் போட்டுப் பழகியிருந்தேன். இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போலத்தான் இருக்கிறது. பணிப்பதிவேடு மட்டும் புரட்டாசி வரை இழுத்தது.

அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுப் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எடைப் பதிவேட்டில் ஜீவிதா, தமிழ்மதி என்று பெயர்களை எழுதிக்கொண்டிருந்த நான் சுவரில் சாய்ந்தேன். ஜன்னல் வழியே வெயிலும் எங்கேயோ பறித்த சம்பங்கி வாசனையும் வந்தது.

தோட்டத்துக் கடைசியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஏ மலரு."

அந்தப் பெயருக்குப் பதில் சொல்லியே பழகிய வாய் திறந்துவிட்டது. "இந்தா வாரேம்மா" என்று சொல்ல நாக்கு எழுந்ததை அப்படியே அடக்கிக்கொண்டேன். ஒரு மூச்சு நேரம் காத்திருந்தேன்.

எனக்குப் பின்னாலிருந்து யாரோ எழுந்து ஓடினார்கள். சின்னக் கால். கொலுசு இல்லை. சம்பங்கிச் செடிகள் விலகி விலகிச் சேர்ந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கண் திறந்தபோது பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் பதிவேட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்து, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.