ஒரு வினாடி கூடுதல்

17.08.2025, ஞாயிறு

நேற்றுக் கார் ஓட்டப் போட்டியின் பதிவு மேசையில் என் காரின் நேரம் இருபத்தொரு வினாடி என்று சொன்னேன். அது பிழை. இருபது என்று சொல்லியிருக்க வேண்டும்.

வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைக்கு நடுவே போகும் நேர் வீதியில் போட்டித் தூரமான கால் மைலை அளந்து, தோழி மதுஷா கைபேசியில் நேரம் பார்க்க, நாலு முறை ஓடிப் பார்த்திருந்தேன். நாலு முறையும் இருபதுக்குக் கிட்டத்தான் வந்தது. ஆனாலும் சனத்துக்கு முன்னால் கை நடுங்கும், கியர் மாற்றப் பிந்தும் என்று பயந்து ஒன்றைக் கூட்டினேன்.

சொந்தக் காரை யாரும் கொண்டுவந்து ஓடலாம் என்றுதான் போட்டி நடத்தும் கழகம் அறிவித்திருந்தது. வாவியோரம் மறித்திருந்த வீதிக்குள் என் பழைய ஆல்டோ நுழைந்ததும், "சந்தை அங்காலகா, மரக்கறி இஞ்ச இல்ல!" என்று ஒருவன் கத்தினான்.

ஓட்ட விதி இதுதான். தன் கார் எத்தனை வினாடி எடுக்கும் என்று ஒவ்வொருவரும் முன்பே சொல்ல வேண்டும். இரண்டிரண்டு காராக ஓட்டம்; சொன்ன நேரங்களுக்கு இடையே எத்தனை வினாடி வித்தியாசமோ, மெதுவான காரை அத்தனை வினாடி முந்தி விடுவார்கள். பொய் சொல்லி முந்தாமலிருக்க ஒரு தடையும் உண்டு: சொன்னதைவிட வேகமாக ஓடினால் தோல்வி.

எனக்கு எதிரே ஜூலியனின் வெள்ளைக் கார் நின்றது. புளியந்தீவில் மாலைக் கணக்கீட்டு வகுப்பில் எனக்குப் பின் வாங்கில் இருப்பவன் அவன்.

"டினோஷா, நீ வெளிக்கிடு. நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

பச்சை விளக்கு எரிந்தது. கை நடுங்கவில்லை. கியர் பிந்தவில்லை. நான் முதலில் கோட்டைத் தாண்டினேன். பலகையில் 20.1 என்று விழுந்தது. யாரும் கை தட்டவில்லை.

"கள்ளி! ஒரு செக்கன் களவெடுத்திட்டாள்!" ஜூலியன் இறங்கி வந்து என் பொனட்டில் அறைந்தான். சனம் காரைச் சூழ்ந்தது.

கழகத் தலைவர் ஜெராட் அண்ணன் வந்தார். "தெரியாமச் சொன்னா எச்சரிக்கையோட விடுவம். தெரிஞ்சு சொன்னா வருசம் முடியுமட்டும் ஓட ஏலாது. தெரியாமத்தானே புள்ள சொன்ன?"

பதிலை அவரே தந்துவிட்டார். ஓம் என்றால் அடுத்த மாதமும் ஓடலாம். இந்தக் காரை வாங்கியதே இதற்காகத்தான். ஓம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"விடுங்க அண்ணன்," என்றான் ஜூலியன். "பொம்புளைப் புள்ளைக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"தெரிஞ்சுதான் சொன்னன்," என்றேன். "கை நடுங்கும் எண்டு ஒண்டு கூட்டினன்."

"நடுங்கினதா?" என்று ஜெராட் அண்ணன் கேட்டார்.

"இல்ல."

"அப்ப களவுதானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜெராட் அண்ணன் என் பெயரை வெட்டினார். "மார்கழி முடியுமட்டும் இந்தப் பக்கம் வராத. காரை எடு."

காரை எடுக்க முடியவில்லை. பின் சில்லின் வால்வை யாரோ பிடுங்கியிருந்தார்கள். மதுஷா டோர்ச் பிடிக்க, நானே குந்தியிருந்து மாற்றுச் சில்லைப் பூட்டினேன். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. "இதுக்கு எத்தின செக்கன் எழுதிறகா?" என்று கேட்கத்தான் வந்தார்கள்.

"ஓம் எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன்கா?" என்றாள் மதுஷா.

உண்மைக்காகச் சொன்னேன் என்று எழுத விருப்பம். ஆனால் அது கோபம். ஜூலியன் பேசாமலிருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

இன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், நான் சில்லுக்கு முன்னால் குந்தியிருக்கும் படத்தை ஜூலியன் போட்டிருக்கிறான். பதினொரு பேர் சிரித்திருக்கிறார்கள். குழுவை விட்டு விலகப் பார்த்தேன், பிறகு விலகவில்லை.

நாளை: சில்லுக்கு வால்வு போட்டுக் காற்றடிக்க வேண்டும். ஐந்தரைக்கு வகுப்பு. அதே காரில்தான் போவேன்.