பதினொரு மாதமாக வாசலில் நிற்கும் தொரை

இரத்தம் குடிக்கும் தொரை ஒருவர் பதினொரு மாதமாக ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். குற்றம் கிருஷாந்துடையது. காலையில் அவன் ரப்பர் பால் கொட்டகைக்குள் கால் வைத்ததும் அதைத்தான் கேட்பார்கள்.

"என்னண்ணே, தொரை உள்ள போயிட்டாரா?"

"இன்னும் இல்ல."

"பாவம். காலு கடுக்காது?"

கேட்பவள் துஷ்யந்தி. பால் வெட்டும் பெண்களில் வாய் நீளமானவள். மற்றவர்கள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பார்கள்.

தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் வேலையின் ஒழுங்கு அப்படி. விடிந்ததும் மரத்தில் கத்தி போட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. வெட்டி முடித்த பிறகு சிரட்டையில் பால் சொட்டித் தீரும்வரை ஒன்றரை மணி நேரம் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள், அடுத்த லயத்து வீடுகளைப் பற்றிப் பேசுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் சுகந்தினி பிடித்துக்கொண்டாள்.

சுகந்தினி கிருஷாந்தின் மனைவி. உயர்தரம் வரை படித்துவிட்டுப் பால் வெட்டப் போனவள். அவன் பட்டம் முடித்துவிட்டு அதே கொட்டகையில் பால் அளக்கும் கிளார்க். தெஹியோவிட்டைக் கடைவீதியில் மஷூர் நானா பழைய புத்தகம் விற்கிறார். வெள்ளம் வடிந்த வாரம் அவர் சாக்கு விரித்துக் காயப்போட்டிருந்த புத்தகங்களில் ஒன்றை அவள் தூக்கி வந்தாள். மேலட்டை இல்லை. கடைசிப் பக்கங்கள் கூழாகி ஒட்டிக் கிடந்தன.

"இதுக்கு முடிவு இல்ல மகள்," என்றாராம் மஷூர் நானா.

"பரவால்ல நானா. எங்க வீட்டுக்காரர் எழுத்தாளர்," என்றாளாம் இவள்.

அச்சில் வந்த அவனுடைய ஒரே எழுத்து ஒரு பத்திரிகைக்குப் போட்ட வாசகர் கடிதம். அவிசாவளை பஸ் நேரத்துக்கு வராததைப் பற்றியது. மற்றபடி அவன் மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தான். வரப்போகும் கெட்ட காலத்தைப் பற்றியது. அப்படியான நாவல்களைப் பல்கலைக்கழக நூலகத்தில் வரிசையாகப் படித்து, அந்த இருட்டில் அவனுக்கு ஒரு ருசி பிடித்துப்போயிருந்தது. அவனுடைய நாவலில் வருடம் 2094. மக்கள் சங்கு ஊதினால் எழும்புவார்கள். பெயருக்குப் பதில் இலக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழு பேர். கூரை ஒழுகினால் ஓட்டை அடைக்க மேலிடத்துக்கு மனு எழுத வேண்டும்.

முதல் அத்தியாயத்தை அவன் வாசித்துக் காட்டியபோது சுகந்தினி கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது நம்ம தோட்டந்தானே? வருசத்த மட்டும் தப்பாப் போட்டிருக்கீங்க."

அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவளே சமாதானத்துக்கு வந்தாள். சமாதானம் என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஒங்க கதையில வர்றவனுக யாருமே கேக்காம கதவ ஒதச்சுத் தொறக்குறானுக. என் புத்தகத்துல பாருங்க, ரத்தம் குடிக்கிற பேயி. அது கூட வாசல்ல நின்னு, வரலாமான்னு கேட்டுட்டுத்தான் வருது. நீங்களே சொல்லுங்க, இதுல எது நல்ல குடும்பம்?"

இரண்டு வகைப் புத்தகங்களைப் பற்றியும் அதற்கு மேல் சரியாக யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை.

அந்தப் புத்தகத்தைத்தான் அவள் கொட்டகையில் நாளுக்குக் கொஞ்சமாகச் சொன்னாள். மலை மேல் பங்களா, தனியாக ஒருவர், பகலில் வெளியே வருவதில்லை, ஊரின் இரத்தம் முழுக்க அவருக்கு. இது வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாத் தொரைதான் என்று பெண்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு நாள் அவள் சொன்ன பகுதியில், அப்பாவை இழந்த ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்கு இரவில் தொரை வந்துவிட்டார். மழை. வீட்டுக்காரர் கூப்பிடாமல் உள்ளே வர முடியாது; அந்த வகைப் பேய்க்கு அதுதான் விதி. அந்தப் பெண் கதவைத் திறந்தாள். அதற்கு மேல் கூழ்.

"மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்," என்று சுகந்தினி எழுந்தாள். பின்னேரம் காய்ச்சல். ஐந்தாம் நாள் டெங்கு வார்டில் முடிந்துவிட்டது. வயது இருபத்தாறு.

கிருஷாந்த் அழவில்லை. அழவேண்டிய இடத்தில் அவனுக்குப் பசித்தது. பிறகு பசியும் போய்விட்டது. வேறு யாரோ வாசிக்கும் புத்தகத்தில் தான் ஓரமாக வந்து போவதைப் போல இருந்தது.

சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று கூப்பிடக் கூடாது. வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள். போகும்போது 'போயிட்டு வாறோம்' என்று சொல்லாமல் போவார்கள். கருமாதி வரைக்கும்தான் அந்த வழக்கம். கருமாதி முடிந்த மறுநாள், வேலையை மேற்பார்க்கும் கன்னையா கங்காணி அவனுடைய ஒற்றையறைக் காம்பரா வாசலில் வந்து நின்றார். கிருஷாந்தின் வாயில் 'வாங்க' என்ற சொல் வரவில்லை. கங்காணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நாட்களை எண்ணியதில் தனக்குத்தான் பிசகோ என்று விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். அதற்கடுத்த நாளும் அந்தச் சொல் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. அது மரியாதை தெரிந்த ஊர். கூப்பிடாத வீட்டுக்குள் யாரும் கால் வைக்கவில்லை.

மாமியார் புஷ்பமும் வைக்கவில்லை. கீழ் லயத்தில் தனியாக இருப்பவர். வெள்ளிக்கிழமை தோறும் சாப்பாட்டுக் கேரியரோடு வருவார். படியில் நிற்பார். அவன் வாங்கிக்கொள்வான். அவர் கதவுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

கொட்டகையில் நிலைமை வேறு. கருமாதிக்கு அடுத்த வாரமே துஷ்யந்தி கேட்டுவிட்டாள்.

"அண்ணே, நீங்க எழுத்தாளர்னு அக்கா சொல்லிச்சு. அந்த முடிவ நீங்க எழுதிக் குடுத்தா என்ன?"

அவன் எழுதினான். அந்தப் பெண் கதவைத் திறக்கும் இடம்வரை நன்றாக வந்தது. அவள் வாயைத் திறக்க வைக்க மட்டும் முடியவில்லை. நாற்பது விதமாக எழுதிப் பார்த்தான். நாற்பதிலும் அவள் தொரையைப் பார்த்தாள், தொரை அவளைப் பார்த்தார், மழை பெய்தது.

"அவருக்கு ஒரு ஒரச்சாக்காவது குடுங்கண்ணே," என்றாள் துஷ்யந்தி இரண்டாம் மாதம். மறுநாள் வாசித்த பக்கத்தில் தொரை யூரியாச் சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டிருந்தார். பெண்களுக்குத் திருப்தி. அது இரண்டு வாரம் தாங்கியது. நான்காம் மாதம் உட்கார ஒரு பலகை கொடுத்தான். ஆறாம் மாதம் ஒரு கோப்பை பிளேன்டி. குடிக்க முடியாது என்றாலும் கையில் சூடாக இருக்கட்டும் என்று பிரேமலதா அக்கா சிபாரிசு செய்தாள். எட்டாம் மாதத்தில் கொட்டகை இரண்டாகப் பிரிந்துவிட்டது. உள்ளே விடு என்று ஒரு கட்சி, விடாதே என்று ஒரு கட்சி. சண்டையில் பால் எடுக்கப் போகும் நேரம் தவறி, சிரட்டையிலேயே பால் உறையத் தொடங்கியது.

கன்னையா கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு அவன உள்ள விடு. இல்லாட்டி ஒரு கோழிய அறுத்துப் போட்டு அனுப்பிரு. எனக்குப் பாலு ஒறையுதுப்பா!"

"அவர் கோழி சாப்பிடறவர் இல்லைங்க."

"ரத்தங் குடிக்கிறவன் கோழி திங்கமாட்டானா? நல்லாருக்கே ஒங் கத!"

விஷயம் மனேஜர் வரைக்கும் போனது. மனேஜர் சிங்களவர். ஒருநாள் ஜீப்பை நிறுத்தி, பால் தரம் குறைந்திருப்பதைப் பற்றி விசாரித்தார். கங்காணி முழுக் கதையையும் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். மனேஜர் யோசித்தார்.

"தாம எளியேத?" என்று கேட்டார். இன்னும் வெளியிலா என்று அர்த்தம்.

"எளியே சேர்," என்றார் கங்காணி, தன் குற்றம்போலத் தலையைக் குனிந்துகொண்டு.

மனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் எந்தக் கட்சி என்று கடைசிவரை தெரியவில்லை.

பதினோராம் மாதத்துக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை புஷ்பம் கேரியரைக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை.

"மாப்பிள்ள, அடுத்த வெள்ளி அவளுக்கு வருசம் வருது."

"தெரியுங்க அத்தை."

"அவ இருந்த எடத்துல ஒரு வெளக்கு வச்சு, ரெண்டு பதார்த்தம் படைக்கணும்னு எனக்கு ஆச. அடுத்த நாளு மகன் வந்து வத்தளைக்குக் கூட்டிக்கிட்டுப் போறான். இனி அங்கதான். இங்க முடியாதுன்னா சொல்லுங்க, என் வீட்டுலயே வச்சிக்கிறேன். ஆனா அவ அங்க இல்லையே, மாப்பிள்ள. அவ இங்கதானே இருந்தா."

அவன் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சரி என்றும் வரவில்லை, வாங்க என்றும் வரவில்லை. அவர் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அவன் எழுதவில்லை. வியாழக்கிழமை கொட்டகையில் பழைய பக்கத்தையே மறுபடியும் வாசித்தான். துஷ்யந்தி நடுவில் கையை உயர்த்தினாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். அந்தப் புள்ளையோட அப்பா மொத அத்தியாயத்துலயே செத்துட்டாரே?"

"ஆமா."

"அப்ப அது சாவு வீடு."

துஷ்யந்தி எழுந்தே நின்றுவிட்டாள்.

"சாவு வீட்டுல அவ எப்புடி வாங்கன்னு சொல்லுவா? சொல்லக் கூடாதே! இவரு கூப்பிடாம வர மாட்டாரு, அவ கூப்பிட முடியாது. ரெண்டு பேரும் நல்லவங்கதான். அதான் இழுக்குது!"

இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் "அட!" என்றது. மாதக்கணக்காக நடந்த சண்டை ஒரு நொடியில் ஓய்ந்துபோனது.

"அப்ப கருமாதி எப்ப?" என்று கேட்டார் கன்னையா கங்காணி.

எல்லோரும் கிருஷாந்தைப் பார்த்தார்கள். அவன் காகிதத்தைப் பார்த்தான்.

"முடிஞ்சிருச்சுங்க," என்றான். "எப்பவோ முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சும் இவ்வளவு நாளா நிக்க வச்சிருக்கியா? மழையில? யோவ், மனுசனாய்யா நீ?"

அவன் அன்று பாலை அளந்து எழுதிய எல்லா இலக்கமும் பிழை என்று பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கிருஷாந்த் காம்பராவில் உட்கார்ந்து நாற்பத்தோராவது தடவையாகக் கதவைத் திறக்கும் இடத்தை எழுதிக்கொண்டிருந்தான். மூன்று மணியளவில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தான்.

புஷ்பம் நின்றுகொண்டிருந்தார். தலையில் யூரியாச் சாக்குக் கொங்காணி. அதன் நுனியிலிருந்து மூக்கின்மேல் தண்ணீர் சொட்டியது. ஒரு கையில் கேரியர். மறு கையில் ஒரு சின்னப் பித்தளை விளக்கு, நனையாமல் சேலைக்குள் பாதி மறைத்தபடி. முகம் வெளுத்திருந்தது. கதவின் நிலையை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல் நின்றார்.

தான் இத்தனை நாளாக யாரை எழுதினோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாக்கின் மடிப்பு உட்பட எல்லாம் சரியாக எழுதியிருந்தான்.

"சாப்பாட்டக் குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன், மாப்பிள்ள." அவர் கேரியரை நீட்டினார். அவன் வாங்கவில்லை. அவர் கை அப்படியே நின்றது. என்ன பேசுவதென்று தெரியாமல் அவரே கேட்டார். "அந்தத் தொரை உள்ள போயிட்டாரா?"

கீழ் லயத்துக்கும் கதை போயிருந்தது.

அவன் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை திறந்தான்.

"வாங்க," என்றான்.

குரல் உடைந்து, சத்தமாக, பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும்படி வந்தது. அங்கே யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள்.

"வாங்க அத்தை. உள்ள வாங்க."

புஷ்பம் கேரியரை அவன் கையில் கொடுத்தார். சாக்கை உதறி வெளியே ஆணியில் மாட்டினார். காலைக் கழுவினார். பிறகுதான் நிலையைத் தாண்டினார். தாண்டியதும் அடுப்பைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார், கயிற்றில் ஒரு வருடமாகத் தொங்கிய சுகந்தினியின் நைட்டியைப் பார்த்தார். அதன் அடியில் விளக்கை வைத்தார். கிருஷாந்த் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். தன் கன்னம் நனைந்திருப்பது சாரல் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கொட்டகையில் கால் வைத்தான்.

"என்னண்ணே, தொரை..."

"உள்ள போயிட்டாரு."

வெற்றிலை மெல்லும் வாய்கள் நின்றன. பிரேமலதா அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

"அவ கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

"அப்புறம்? கடிச்சாரா?"

"இல்ல." அவன் யோசித்தான். இதை அவன் எழுதியிருக்கவில்லை, நடந்ததைத்தான் சொல்லவேண்டியிருந்தது. "மொதல்ல அடுப்பப் பாத்தாரு. இதென்ன மனுசன் இருக்குற வீடான்னு ஏசினாரு. அப்புறம் சட்டியெல்லாம் எடுத்துப் போட்டுக் கழுவினாரு."

"எல்லாச் சட்டியுமா?"

"எல்லாம். வெளக்கு ஏத்தினாரு. சோறு போட்டுக் குடுத்தாரு. அவ சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்துலயே இருந்தாரு. இன்னைக்கு விடிய வத்தளைக்குப் போயிட்டாரு."

"போறப்ப சொல்லிட்டுப் போனாரா?"

"போயிட்டு வாறேன்னு சொன்னாரு."

கொட்டகைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நல்ல மனுசன்," என்றாள் துஷ்யந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சும்மா பேயி, பேயின்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

"சரி சரி, எந்திரிங்க," என்றார் கன்னையா கங்காணி. "பாலு ஒறையுது."