ஐஸ் ஆலைக்கு வந்த புது பம்ப்

ஃபிட்டருக்குக் காலையிலிருந்தே கை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்பேனரை எடுப்பார், வைப்பார், வைத்த இடம் மறந்து தேடுவார். பம்பைப் பார்த்து வந்த பதற்றம் இல்லை அது. எதிரே முட்டிபோட்டுக் குழாய் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்த வெல்டரைப் பார்த்து வந்தது. வெல்டர் அவருடைய தங்கை புருஷன்.

முந்தின நாள் சாயங்காலம் தங்கை பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். "அண்ணா, அவர் வெளியூர்ல கப்பல் கட்டுற இடத்துல ரெண்டு வருஷ வேலைக்குச் சரின்னு சொல்லிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியுது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. "நீ அவர்கிட்ட ஒண்ணும் கேட்கக் கூடாது. அவரா வாயைத் திறக்கட்டும்."

அண்ணன் வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஆனால் விடிந்ததும் அந்த மாப்பிள்ளையோடுதான் வேலை. துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஆலையில் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்ப் உயிரை விட்டிருந்தது. தண்ணீர் ஓடாவிட்டால் இயந்திரம் சூடேறி நின்றுவிடும், ஐஸ் கிடையாது. ஐஸ் இல்லாமல் எந்தப் படகும் கடலுக்குப் போகாது. முதலாளியம்மா நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்து, "தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

புது பம்பின் வாய் பழையதைவிடச் சற்று உயரம். அதற்கேற்ப மாப்பிள்ளை குழாயை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டு, காலியான கேஸ் சிலிண்டரை மாற்ற வெளியே போனான். ஃபிட்டர் பம்பை மேடையில் உட்கார வைத்து, மட்டம் பார்த்து, அடி போல்ட்டுகளை முடுக்கினார். பம்பின் வாயும் குழாயின் வாயும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் விரல் கனத்துக்கு இடைவெளி.

வேறொரு நாளாக இருந்தால் மாப்பிள்ளை வரும்வரை காத்திருப்பார். இன்றைக்குக் காத்திருப்பதுதான் முடியாத காரியம். பாரம் இழுக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை மாட்டிக் குழாயை இழுத்தார். கடப்பாரை கொடுத்து நெம்பினார். போல்ட்டுகளை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். இடைவெளி மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை திரும்பி வந்து பம்பின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தான். அசையவில்லை.

"மச்சான், குழாயை இழுத்து வெச்சு இறுக்கிட்டீங்களா?"

"இடைவெளி விட்டது யாரு? நான் மூடினேன்."

"அளவுல தப்பு என்னுதுதான். அதுக்காக? இப்ப குழாயோட பாரம் பூரா பம்பு மேல நிக்குது. ஓட்டினா பேரிங் போயிடும். கழட்டுங்க."

"அந்தம்மா அங்க தவிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"நிக்கட்டும். யோசிக்காம செஞ்சா இப்படித்தான்."

ஃபிட்டருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஓகோ, நீங்க எல்லாத்தையும் யோசிச்சுச் செய்யறவரு! ரெண்டு வருஷம் போறதைக் கட்டினவகிட்டச் சொல்ல மட்டும் உங்களுக்கு யோசனை வரல!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினான். "அவ உங்க வீட்லயா இருக்கா?" என்றான். "நேத்திலிருந்து போன் எடுக்கல மச்சான். எங்க போனாளோன்னு ராத்திரி பூராத் தூங்கல. உங்ககிட்டக் கேட்கவும் கூச்சம்."

"ஏன்டா சொல்லல அவகிட்ட?"

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் போக மாட்டேன். எனக்குப் போகணும்னு ஆசை. ஒரு முழுக் கப்பல்ல என் கை பட்ட வெல்டிங் இருக்கணும்னு ஆசை. இந்தத் துருப்பிடிச்ச குழாயையே எத்தனை காலம் ஒட்டுறது?"

வீட்டுக் கஷ்டம் என்று சொல்லியிருந்தால் ஃபிட்டர் நன்றாகத் திட்டியிருப்பார். ஆசை என்று சொல்கிறவனை என்ன சொல்வது?

"தண்ணி வந்துருச்சா?" முதலாளியம்மா.

"இல்லம்மா. நான்தான் அவசரப்பட்டுத் தப்பா இறுக்கிட்டேன். கழட்டித்தான் மாட்டணும்."

"ஐஸுக்குப் பதிலாப் படகுக்காரங்க என்னைத்தான் உடைச்சுப் பெட்டியில போடப்போறாங்க!" என்றாள் அவள். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, கழட்டுங்க. நாளைக்கு இன்னொரு தரம் இந்தக் கூத்து வேண்டாம்" என்றாள்.

போல்ட்டுகள் தளர்ந்ததும் குழாய் விட்டால் போதும் என்று துள்ளி விலகியது. வளைவுக்குப் பக்கத்தில் வெட்டினார்கள். ஃபிட்டர் குழாயைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, இரண்டு வாயும் பொருந்தியதைப் பார்த்தபின் சுற்றி ஒட்டினான். ஆறியதும் போல்ட்டுகள் விரலாலேயே உள்ளே போயின. தண்டும் லேசாகச் சுற்றியது. பம்புக்குள் தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டார்கள். குழாய் இரண்டு தரம் இருமியது, காற்றைக் கக்கியது, பிறகு மேலே தொட்டியில் சோவென்று கொட்டியது. முதலாளியம்மா கேட்க வேண்டியிருக்கவில்லை.

கை கழுவின ஈரம் காயுமுன் இருவரும் ஃபிட்டர் வீட்டில் நின்றார்கள்.

தங்கை அண்ணனை முறைத்தாள். "உளறிட்டியா?"

"வாய் தவறிடுச்சும்மா."

மாப்பிள்ளை மச்சானிடம் சொன்னதையெல்லாம் தலைகுனிந்தபடி அவளிடமும் சொன்னான்.

"போகாதேன்னு சொல்வேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நானும் வரேன்னு சொல்வேன்னு தோணலையா? குடும்பத்தோட இருக்க அங்க இடம் தருவாங்களான்னு கேட்டீங்களா?"

"கேட்கல."

"கேளுங்க. இப்பவே, என் முன்னாடி."

அவன் போனில் பேசினான். முதல் சில மாதம் தனியாகத்தான். பிறகு வீடு தருவார்களாம். "அப்ப நானும் வரேன். ஆனா கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவனோடு இறங்கிப் போனாள்.

ஃபிட்டர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே, உட்காருங்களேன்" என்றாள் அவர் மனைவி.

"என்ன முடிஞ்சுது? ரெண்டு பேருமே கிளம்புறாங்க" என்றார் அவர். "இனிமே நான் இறுக்கினதைத் தப்புன்னு சொல்ல எனக்கு யாரு இருக்கா?"