செவ்வாய்க் கிரகத்து வால்வு

கொளஞ்சியப்பனின் தலை கேனுக்குள் போய்விட்டது. திரும்பி வரத்தான் மறுத்தது. இருபது லிட்டர் தண்ணீர் கேனின் அடியை ஆக்ஸா பிளேடால் அறுத்து, வாய்க்கு நேரே ஓட்டை போட்டு, விளிம்பில் வெள்ளித்தாள் ஒட்டி, அதை விண்வெளித் தொப்பியாக ஆக்கியிருந்தான். குறுக்கே நின்றது மூக்கு. லேசுப்பட்ட மூக்கு இல்லை அது. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் அவன் தும்மத் தொடங்கினால் பஸ் களமருதூரைத் தாண்டும்போதுதான் தும்மி முடிப்பான். அந்த மூக்கும், இரண்டு கிளிகள் உட்கார்ந்து ஊஞ்சலாட இடம் கொடுக்கும் மீசையும், இடி விழுந்த குரலும் சேர்ந்துதான் ஆலங்கொல்லை மாரியம்மன் திருவிழா நாடகத்தில் வருஷா வருஷம் அவனை வில்லனாக்கின. போன வருஷம் அவன் சிரித்த சிரிப்பில் முன்வரிசையில் இருந்த ஒரு பசுமாடு கன்று ஈன்றதாக இன்றைக்கும் சொல்கிறார்கள். மாடு நிறைசினை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஜெயம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். புருஷனின் கழுத்துக்கு மேலே கேன் இருப்பது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனை எமனாகவும் கொள்ளைக்காரனாகவும் கற்பழிக்க வந்த ஜமீன்தாராகவும் பார்த்துச் சலித்தவள். அவள் கண் போனது கேன் மேல்.

"யோவ். அது எந்தக் கேனு?"

அப்போதுதான் அவனும் மூலையைப் பார்த்தான். அடியில் விரிசல் விட்ட கேன் அங்கே முழுசாகச் சாய்ந்து கிடந்தது. அறுக்க வேண்டியது அது. அறுத்தது நல்லதை.

"கரும்புத் தோட்டத்து மோட்டார்ல காலப் புடிச்சி, கையப் புடிச்சி தண்ணி புடிச்சாற இருந்ததே அந்த ஒரு கேனுதான்," என்றாள் ஜெயம்மாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால் கீழத்தெரு நாய்கள் கொல்லைப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். "இனிமே இன்னாத்துல மொண்டாறது? உம் மூக்குலயா?"

ஆலங்கொல்லையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அதுதான் கொடுமை. மேல்நிலைத் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டுதான் இருக்கிறது. தொட்டியிலிருந்து இரண்டு குழாய் கிளம்புகிறது; ஒன்று மேலத்தெருவுக்கு, ஒன்று கீழத்தெருவுக்கு. கீழத்தெருக் குழாயின் வால்வு ஒரு சிமெண்டுக் குழிக்குள் இருக்கிறது. குழிக்கு இரும்பு மூடி, மூடிக்குப் பூட்டு. தேர்தலில் கீழத்தெரு வேறு சின்னத்தில் குத்தியது என்று தெரிந்த மறுநாள் விழுந்த பூட்டு அது. கேட்டால் "பைப்பு ஒடஞ்சிபோச்சி, மராமத்துக்கு எழுதிப் போட்டிருக்குது" என்று தலைவர் சொல்வார். தலைவர் என்றால் பஞ்சாயத்து நாற்காலிக்குச் சொந்தக்காரியான விஜயலட்சுமி இல்லை. அந்த அம்மாவுக்கு நாற்காலி எந்த அறையில் இருக்கிறது என்பதே தெரியாது. தலைவர் என்றால் அவள் புருஷன் தீனதயாளன். அவருடைய கோழிப்பண்ணையில் மட்டும் தண்ணீர் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். அந்தக் கோழிகள் குளித்துவிட்டுத்தான் தீவனம் தின்னும் என்று கீழத்தெருவில் ஒரு பேச்சு.

இவ்வளவு தெரிந்தும் கொளஞ்சியப்பன் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. அவன் ஓட்டுவது தீனதயாளனின் நெல் அறுக்கும் வண்டி. அறுவடைக் காலத்தில் அந்த வண்டியின் மேல் உட்கார்ந்தால் அவன் ராஜா. இறக்கிவிட்டால் களத்துமேட்டில் கூலிக்கு நிற்க வேண்டியவன். அவன் குடும்பம் தின்கிற சோறு அந்த ஸ்டியரிங்கிலிருந்து வருகிறது.

இந்த வருஷத்து நாடகத்தை எழுதியவர் ராஜாங்கம். ரிட்டயர்டு கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன்மலை வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் காலமெல்லாம் விசில் ஊதியவர். டிக்கெட் கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் துப்பறியும் நாவல் படித்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பிரயாணிகள் வாந்தி எடுத்தபோதுகூட யார் கொலைகாரன் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர். அவர் எழுதினால் கதை வெறும் பூமியில் நடக்குமா? செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். அங்கே காற்று கிடையாது, குழாயில்தான் வரும். கேப்டன் கராளன் என்ற படுபாவி கீழ்ப்பகுதிக் குழாயை அடைத்துவிட்டு, கேட்கப்போன தொழிலாளியைக் கொன்றும் போடுகிறான். போலீசிலிருந்து நீதிமன்றம் வரை அவன் பைக்குள். நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட துப்பறியும் துருவன் தன்னந்தனியாக வந்து, அடிவாங்கி, குடித்து, மறுபடி அடிவாங்கி, கடைசியில் அவனைப் பிடிக்கிறான்.

ஆலங்கொல்லையில் ஒரு சட்டம் உண்டு. மேடை, லைட்டு, மைக்கு யார் உபயமோ, கதாநாயகன் வேஷம் அவருக்கு. கள்ளக்குறிச்சி கோர்ட்டில் மேல்முறையீடு செய்தாலும் மாறாத சட்டம். இந்த வருஷ உபயம் தீனதயாளன். ஆகவே ஊர்க் குழாயைப் பூட்டியவர், குழாயைப் பூட்டியவனைப் பிடிக்கிற துருவன் ஆனார். கேப்டன் கராளன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஊரில் ஒரு மூக்குதான் இருக்கிறது.

தீனதயாளனுக்கு இதில் உள்குத்து இருப்பது எப்படித் தெரியாமல் போனது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நாடகத்தில் முழுக்கதையும் யார் கைக்கும் தருவதில்லை. அவரவர் வசனம் மட்டும் அவரவருக்கு. எதிராளி பேச்சில் கடைசி வார்த்தை மட்டும் மேலே குறித்திருக்கும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தன் பாட்டைப் பேச ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். தீனதயாளன் கையில் இருந்ததெல்லாம் நீதி, நேர்மை, வீரம். நடுவில் கராளன் என்ன பேசினால் அவருக்கென்ன? அவர் ஒத்திகையில் எதிராளி பேசும்போது போன் பார்த்தார். குறித்த வார்த்தை வந்ததும் சுவிட்சு போட்ட மோட்டார் மாதிரி கிளம்பினார். எல்லார் தலையிலும் கேன் தொப்பிதான்; துருவன் சிகரெட் பிடித்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்ததால் அவருடைய கேனில் மட்டும் புகை போக மேலே ஒரு துளையும் வைத்தார்கள். இட்லிப் பானை ஒன்று கோட்டு போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருந்தது.

கடைசி ஒத்திகை முடிந்து கோட்டைக் கழற்றும்போது அவர் கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டார்.

"கீழத்தெருவுல எல்லாரும் மனு எழுதிக்கினு கலெக்டர் ஆபீசுக்குப் போறீங்களாமே."

"பொம்பளைங்க பேசிக்கினு இருக்கறாங்க தலைவரே."

"போங்க. கள்ளக்குறிச்சிக்கு பஸ் இருக்குது. உம் பொண்டாட்டிதான் முன்னால நிக்கிறாளாம். அவ பஸ் ஏறுனான்னா நீ என் வண்டியில ஏறக்கூடாது. புரியுதாடா?"

கொளஞ்சியப்பன் புரிந்தது என்று தலையை ஆட்டினான். வெள்ளித்தாள் ஒட்டிய கேனும் கூடவே ஆடியது. மேடை ஓரத்தில் நின்றிருந்த மேலத்தெரு ஆட்கள் சிரித்தார்கள்.

வீட்டில் அதை ஜெயம்மாளிடம் சொன்னான். மறைத்திருக்கலாம்; ஆனால் பொய் சொன்னால் துடிக்கிற மூக்கு அது, அவளிடம் மறைக்க வேறு மூக்கு வேண்டும். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். குழந்தைகளுக்கு வைத்த தண்ணீரில் மண் அடியில் தங்கட்டும் என்று சொம்பை ஓரமாக நகர்த்தினாள்.

"மேடையில ஏறுனா நாலு ஊரு பயப்படுது உனக்கு. கீழ எறங்குனா அந்தாளு முன்னால பூன மாதிரி நிக்கிற. உன் வீரமெல்லாம் பவுடரு கலையறவரைக்குந்தானா?"

அவன் கேனின் விளிம்பில் கிளம்பியிருந்த வெள்ளித்தாளை அழுத்தி ஒட்டினான்.

இந்த வருஷம் ஒன்பது மணிக்குமேல் மைக் கூடாது என்று போலீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பொழுது சாயும்போதே நாடகத்தைத் தொடங்கினார்கள். படுதா கட்டும்போதே சிரிப்பு. புதுப் படுதாவுக்கு வழியில்லை. வள்ளி திருமண நாடகத்துக்குத் தீட்டி வைத்திருந்த கல்வராயன்மலையின் மேல் சிவப்பு பெயிண்டை அடித்துச் செவ்வாய் ஆக்கியிருந்தார்கள். மூலையில் வள்ளி கிளி விரட்டும் பரண் மட்டும் பெயிண்டுக்குத் தப்பித்து நின்றது. மேலத்தெரு நாற்காலியில், கீழத்தெரு மண்ணில். வேஷம் கட்டியவர்கள்தான் இரண்டு தெருவும் கலந்து ஒரே மேடையில் நின்றார்கள்.

துருவன் வந்ததும் விசில் பறந்தது. உபயதாரர் என்பதால் அவருக்கு மட்டும் கேனுக்குள்ளேயே காலர் மைக். மற்றவர்கள் தொங்குகிற மைக்கைத் தேடிப் போய்ப் பேச வேண்டும். கொலை நடந்தது, விசாரணை நடந்தது, துருவன் நாலு தடவை அடிவாங்கினான். அந்த நாலு அடியையும் மேலத்தெரு ஆட்களே பூ விழுவதுபோல அடித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. துப்பாக்கி முனையில் கராளன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ராஜாங்கம் வசனம் எடுத்துக் கொடுத்தார். பொன்னாசை பொருளாசை என்று தொடங்கி, 'என் ஆட்டம் முடிந்தது' என்று முடியும் நாலே வரி.

கொளஞ்சியப்பன் மைக்குக்கு வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். கேனுக்குள்ளிருந்து பார்க்கும்போது எல்லா முகமும் நசுங்கித் தெரிந்தது. ஜெயம்மாள் முகம் மட்டும் எங்கே என்று தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. மடியில் தூங்கும் சின்னதின் வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ராஜாங்கம் "பொன்னாசை" என்றார். மறுபடி "பொன்னாசை" என்றார்.

"ஆமாம் துருவா," என்றான் கொளஞ்சியப்பன். "கீழ்ப்பகுதிக்குக் காற்று போகாமல் பூட்டியவன் நான்தான்." இதுவரை தமிழ் நிமிர்ந்துதான் நின்றது. அப்புறம் தானாகக் கீழே இறங்கியது. "கொழா ஒடஞ்சிபோச்சின்னு சொன்னேன். ஒடயில. மராமத்துக்கு எழுதிப் போட்டிருக்குதுன்னு சொன்னேன். எழுதல. எனக்கு ஓட்டுப் போடாதவன் மூச்சு விடக்கூடாதுன்னுதான் பூட்டுனேன். அந்தக் காத்தத் திருப்பி எங்கோழிப் பண்ணைக்கு வுட்டேன்."

செவ்வாய்க் கிரகத்தில் கோழிப்பண்ணை. மண்ணில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரைக்குப் பின்னால் ராஜாங்கத்தின் குரல் நின்றுவிட்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாரா, செருப்பைத் தேடுகிறாரா என்று தெரியவில்லை. துருவன் ஒரு கையில் துப்பாக்கியும் மறுகை கோட்டுப் பாக்கெட்டிலுமாக, மோவாய் உயர்த்தி, போட்டோவுக்கு நிற்கிற பாவனையில் குறித்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். காது அந்த ஒன்றுக்காகத் திறந்திருந்தது. மற்றதெல்லாம் கேன்மேல் பட்டு வழிந்தது.

"கொழந்தைங்க மண்ணுத் தண்ணி குடிச்சாலும் எனக்கு இன்னா போச்சி," என்றான் கொளஞ்சியப்பன். எழுதியிருந்ததில் கடைசி வரிக்கு வந்தான். "என் ஆட்டம் முடிந்தது."

சுவிட்சு விழுந்தது. மோட்டார் கிளம்பியது.

"முடியவில்லை கராளா!" காலர் மைக்கில் தீனதயாளன் முழங்கினார். நாலு புறமும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் நெல் வயலெல்லாம் அதைக் கொண்டுபோய்க் கொட்டின. "ஊருக்கு உயிரை மறுத்தவனுக்கு இந்தக் கிரகத்தில் இடமில்லை! மக்களே, இனி யாருக்கும் அஞ்ச வேண்டாம்! பூட்டை உடையுங்கள்! அந்தக் குழாயைத் திறந்துவிடுங்கள்!"

முழங்கி முடித்து, கைதட்டலுக்காகக் கூட்டத்தைப் பார்த்தார். கைதட்டல் வரவில்லை. கூட்டம் அவரைப் பார்த்த பார்வையிலிருந்து, தான் என்ன சொன்னோம், அதற்கு முன் இவன் என்ன சொன்னான் என்பது அவர் மண்டைக்குள் பின்னாலிருந்து முன்னாலாக ஓடியது. நாடகப்படி அந்த இடத்தில் துருவன் கராளனை ஓர் அறை அறைய வேண்டும். அறைந்தார். கேன் கழன்று போய் மேடை விளிம்பில் உருண்டது. மேலத்தெருவில் சிலர் தட்டினார்கள்.

இரண்டாவது அறை நாடகத்தில் இல்லை.

தட்டிய கைகள் பாதியில் நின்றன. மூன்றாவதற்குக் கொளஞ்சியப்பன் கையைத் தூக்கித் தடுக்கவுமில்லை, நகரவுமில்லை. கடைவாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பவுடரும் வியர்வையும் கலந்து மீசையில் வழிந்தது. தீனதயாளன் அவன் சட்டையைப் பிடித்து முகத்துக்கு அருகே இழுத்தார்.

"நாளையிலேர்ந்து வண்டிப் பக்கம் வராத."

ரகசியமாகத்தான் சொன்னார். காலர் மைக் அதை ஊர் முழுக்கச் சொன்னது.

மண்ணிலிருந்து ஜெயம்மாள் எழுந்தாள். தூங்கும் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவள் மடிக்கு மாற்றினாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். மேடையைப் பார்த்து, புருஷனின் முகத்தை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தாள்.

"தலைவரே மைக்குல சொல்லிட்டாரு," என்றாள், யாரையும் தனியாகப் பார்க்காமல். "எழுந்திருங்கடி."

முதலில் ஒருத்தி எழுந்தாள், பிறகு நாலைந்து பேர், பிறகு வரிசையே எழுந்தது. மேடைக்குக் குழி தோண்டிய கடப்பாரை பந்தக்காலில் சாய்ந்து நின்றது. போகிற போக்கில் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் இருந்த ஆண்களில் இரண்டு பேர் தடுக்க எழுந்தார்கள். எதைச் சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். செல்போன் வெளிச்சங்கள் கோயிலைச் சுற்றி, வேப்பமரத்தைத் தாண்டி, தொட்டிப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

திரை இழுப்பவன் கயிற்றைப் பிடித்தபடி இழுப்பதா வேண்டாமா என்று ராஜாங்கத்தைத் தேடினான். சிவப்புக் கல்வராயன்மலைக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். தீனதயாளனின் பிடி இன்னும் சட்டையில் இருந்தது. எப்போது விடுவது என்று கைக்கே தெரியவில்லை. கேனுக்குள் அவர் மூச்சு வாங்கும் சத்தத்தை நாலு ஸ்பீக்கரும் இருட்டிய வயல்கள் மேல் பெரிதாக, ஊரே மூச்சு வாங்குவதுபோல ஊதிக்கொண்டிருந்தன. அந்த மூச்சுக்கு நடுவே, தொட்டிப் பக்கமிருந்து, இரும்பின் மேல் இரும்பு விழுந்தது.