வான்னா போவா

பழைய வண்டிகள் விற்கும் அந்த முற்றத்தில், முன்னால் பக்கெட் வைத்து அள்ளும் லோடர்கள் மூன்று நின்றன. ஒன்றுக்கு எஞ்சினே இல்லை. இரண்டாவதன் விலையைக் கேட்டதும் அவளுடைய கொழுந்தன் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த வண்டிக்கு நடந்துவிட்டான். மூன்றாவது, தகரக் கூரையின் கீழ், பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் நின்றது.

"பெயிண்ட் இன்னும் கையில ஒட்டும் போலிருக்கே," என்றான் கொழுந்தன்.

"விக்கிற வண்டிய மூஞ்சி கழுவாம நிறுத்த முடியுமா தம்பி?" என்றார் தரகர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இனி இந்த ஜென்மத்தில் ஒரு லோடர் தன் மாட்டுப் பண்ணைக்குள் நுழையாது என்று சொன்னவள் அவள்தான். கணவர் போன பிறகு இரண்டு வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வந்தாள். சாணியைத் தள்ளுவண்டியில் அள்ளி, தீவனத்தை முதுகில் சுமந்து, கொழுந்தனின் இடுப்பு இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேலைக்கு வந்தவர்களும் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டார்கள். அடுத்த அறுப்புத் தீவனம் வருவதற்குள் வண்டி வராவிட்டால் மாடுகளை விற்றுவிட வேண்டியதுதான்.

தரகர் சாவியைப் போட்டார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா? டயர் புதுசு, கியர் வெண்ணெய். ஒரே ஒரு விஷயம்தான், முன்னாடியே சொல்லிடறேன்." அவர் கண்ணைச் சிமிட்டினார். "இவ கொஞ்சம் பொண்டாட்டி மாதிரி. வான்னா போவா, போன்னா வருவா."

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார்.

கொழுந்தன் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செத்துப்போனவரின் வார்த்தை, எழுத்து மாறாமல், முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து வருகிறது. அந்த இழுப்புகூட அதேதான். 'போவா'வில் கொஞ்சம் நின்று, 'வருவா'வில் குரல் ஏறுகிற இழுப்பு.

அவள் வண்டியின் இடது பக்கம் போய்க் குனிந்தாள். படிக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் வளைந்த கம்பி ஒன்று பற்றவைத்திருந்தது. குள்ளச்சிக்கு ஏறத் தோதாக இருக்கட்டும் என்று கணவர் அவளுக்காக வைத்த கம்பி. ஆரஞ்சுப் பூச்சுக்கு அடியிலும் பற்றவைத்த இடம் பொரிபொரியாகத் தெரிந்தது.

அது சின்னவதான்.

வீட்டில் இருந்ததைவிட அந்த வண்டியின் சீட்டில் அவர் இருந்த நேரம் அதிகம். அதனால் இளைய தாரம் என்று அவள் வைத்த பெயர் அது. ஒரு மழை நாளில் பக்கெட்டை ஏற்றி இறக்கும் எண்ணெய் ஹோஸ் வெடித்து, தீவனம் நனைந்துகொண்டிருந்தபோது அவரே இரண்டு புது ஹோஸ் மாட்டினார். பதற்றத்தில் இடம் மாறிவிட்டது. லிவரை இழுத்தால் ஏற வேண்டிய பக்கெட் இறங்கியது, தள்ளினால் ஏறியது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த நாளை வரவே இல்லை. "கைக்குத் தெரியும்டி," என்பார். கொழுந்தனும் அப்படியே பழகினான். அவளும் அப்படியே பழகினாள்.

பிறகு காளைக்கன்று உதைத்து அவர் கையில் கட்டு விழுந்தது. கொழுந்தன் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தான். வாடகைக்கு ஒரு டிரைவர் வந்தார். அவரிடம் ஹோஸ் மாறியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இவர் சொன்னது, "என் பொண்டாட்டி மாதிரிங்க, வான்னா போவா, போன்னா வருவா." டிரைவர் சிரித்தார். டீ கொண்டுவந்த அவளும் சிரித்தாள். பாதி உயரத்தில் நின்ற பக்கெட்டின் பல்லில் கயிறு சிக்கியிருந்தது. அதை எடுக்க கணவர் அடியில் குனிந்து, இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லி நல்ல கையை ஆட்டினார். டிரைவர் லிவரை இழுத்தார்.

விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேம்மா, விளையாட்டுக்குன்னு நெனச்சேம்மா என்று அந்த மனிதர் வாசலிலேயே நின்று அழுதது இன்னும் அவள் காதில் இருக்கிறது.

"அண்ணி, போலாம். இது வேணாம்," என்றான் கொழுந்தன். பிறகு குரல் இறங்கியது. "வண்டியப் போட்ட பழைய இரும்புக்காரன்கிட்ட அத நான்தான் அண்ணி சொன்னேன். அண்ணன் சொல்ற மாதிரியே சொன்னேன். உடைச்சிடுவான்னு நெனச்சேன்."

"என்ன பிரச்சனை?" தரகர் குழம்பினார். "ஒரு வாரம் ஓட்டினா கைக்குப் பழகிடும்மா. அவ்வளவுதான் மேட்டர்."

"ஓட்டுற கைக்குப் பழகிடும்," என்றாள் அவள். "கீழ நிக்கிற தலைக்கு?"

தரகர் பக்கெட்டைப் பார்த்தார்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஹோஸ் ரெண்டையும் இப்பவே மாத்தி மாட்டணும். மாத்தினா வாங்கிக்கிறேன்."

"அண்ணி!" கொழுந்தன் அவள் அருகில் வந்தான். "அண்ணன் கையால மாட்டினது அது."

"தெரியும் தம்பி. நாம விட்டுட்டுப் போனா அடுத்து யாருகிட்டயாவது இவரு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு."

மெக்கானிக் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லிவரை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு நட்டுகளைத் தளர்த்தினார். எண்ணெய் கொழகொழவென்று மண்ணில் வழிந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர் இறுக்கிய இறுக்கு அல்லவா அது. எவ்வளவு சுலபமாகக் கழன்று வருகிறது.

வேலை முடிந்ததும் அவளே ஏறினாள். கம்பி அவள் பாதத்துக்குச் சரியாகக் கிடைத்தது. சீட்டுக்கு வேறு உறை போட்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்த பள்ளம் மட்டும் பழையதுதான். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எஞ்சினைப் போட்டாள். பக்கெட்டைத் தூக்க நினைத்தாள்.

கை லிவரைத் தள்ளியது.

பக்கெட் தரையை அழுத்த, முன் சக்கரங்கள் மண்ணைவிட்டு மேலே எழும்பின. வண்டி அவளைச் சுமந்தபடி அண்ணாந்தது. தகரக் கூரை முகத்தை நோக்கி வந்தது. "கைக்குத் தெரியும்டி" என்று காதோரம் யாரோ சொன்னது போலிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை அடக்கி, மெதுவாக, மிக மெதுவாக லிவரை இழுத்தாள். வண்டி இறங்கிச் சமமானது. இன்னும் இழுத்தாள். காலி பக்கெட் ஆடாமல் மேலே ஏறியது. அதைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்தாள்.

"நம்ம ரெண்டு பேர் கையும் இனிமே தப்பு தம்பி," என்றாள் இறங்கும்போது. "முதல்லேர்ந்து கத்துக்கணும்."

வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது. டிரைவர் சின்ன வயசுக்காரர், வாய் நிறையப் பல். "நானே ஏத்திடறேங்க்கா. இதுல எதாச்சும் தனிக் குணம் உண்டா?"

அந்தப் பழைய வாக்கியம் அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"இழுத்தா ஏறும். தள்ளினா இறங்கும்."

டிரைவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு, கொழுந்தனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பக்கெட்டுக்கு முன்னாலிருந்து விலகிப்போய் நின்றாள்.