அரைத்தூக்கம் வீடு திரும்பும் கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. என் தம்பியுடையது. ஒரு நாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கி, வழிந்து, தீய்ந்து, வீடே நாறுகிறவரை அவன் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "கண்ணுதான் தெரியல, மூக்குமாடா போச்சு?" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவன் பாத்திரத்தையே பார்த்தபடி, "அக்கா, ஒருத்தர் உயிரோட இருக்காங்களான்னு எனக்குத் தெரியல," என்றான்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்த கையோடு, "இதக் கதையா எழுதிடாத," என்றான். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்துவிட்டு "குடிச்சிடாத" என்று சொல்கிற புத்திசாலி என் தம்பி. எழுதட்டுமா எழுதட்டுமா என்று நச்சரித்து அனுமதி வாங்கிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தான் படிக்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

2

தொடக்கம் சண்டி பண்ணியது. மூன்று எழுதினேன்.

இருளின் மௌனத்தில் ஒளிரும் திரையொன்றின் முன்னே அவன்...

(வேண்டாம். அவன் உட்கார்ந்திருந்தது பட்டப்பகலில். ஜன்னலுக்குக் கீழே டயர் கடைக்காரர் காற்றடிக்கிற சத்தம் வேறு.)

தனிமனித அந்தரங்கம் என்பது இன்றைய காலகட்டத்தில் எத்துணை...

(இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.)

என் தம்பிக்கு ஒரு சிநேகிதர். ஆணா பெண்ணா தெரியாது. வயசு தெரியாது. ஊர் தெரியாது. ஆனால் பல வருஷமாகத் தினமும் சண்டை போடுகிறார்கள்.

(இதுதான் நடந்தது. இப்படியே போகலாம்.)

3

தம்பி பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணினி நிரல் எழுதுகிறான். அது வயிற்றுக்கு. மனசுக்கு வேறொன்று வைத்திருக்கிறான்: ஒரு செய்திச் செயலி. அதில் நீங்கள் அனுப்புவதை வாங்குகிறவரைத் தவிர யாரும் படிக்க முடியாது. கட்டினவர்களே தலைகீழாக நின்றாலும் முடியாது. கட்டுகிறவர்கள் இணையத்தில் ஒரு குழு. சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. பெயர், ஊர், குடும்பம் எதையும் கேட்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். வந்த விருந்தாளியிடம் "எப்பக் கிளம்புறீங்க?" என்று நாம் கேட்போமா, அந்த மாதிரி.

அதனால் எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். என் தம்பி முட்டுக்கட்டை. யார் என்ன எழுதிக்கொண்டு வந்தாலும் "இது சரியில்ல" என்று முதலில் குறுக்கே நிற்பவன். வீட்டிலும் அதே கதைதான். பெயர் வைத்தவரைப் பார்த்தால் கை குலுக்க வேண்டும். வைத்தவர் அரைத்தூக்கம். "அரைத்தூக்கத்துல எழுதினது, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாராம். தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு தப்பு இருக்காதாம். குழுவை நடத்துகிறவர் பெரியம்மா. எல்லாரையும் திட்டுவார், வெளியாள் யாராவது திட்டினால் விடமாட்டார். (பெரியம்மாவுக்கு மீசைகூட இருக்கலாம். யார் கண்டது?) இன்னொருவர் தீப்பெட்டி. உரசினால் போதும்.

(இவர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள். என் கதையில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். எழுதுகிறவள் நான்.)

4

சண்டை செயலியின் சின்னத்தில் தொடங்கியது. அந்தச் சமயம் உலகத்தில் நாலைந்து நகரங்களில் ஒன்றாக வேலைநிறுத்தம் நடந்தது. கூட்டம் தெருவில் நின்றது, அடி வாங்கியது. அங்கெல்லாம் ஜனங்கள் இவர்கள் செயலியைத்தான் நம்பியிருந்தார்கள். போராடுகிறவர்களுக்கு ஆதரவாகச் செயலியின் சின்னத்தைச் சிவப்பாக மாற்றவேண்டும் என்றார் தீப்பெட்டி.

"நடுநிலைன்னு ஒண்ணு கிடையாது. அடி வாங்குறவங்க பக்கம் நிக்கலைன்னா நாம எதுக்கு இதக் கட்டுறோம்?"

"நாம நிக்கலாம். ஆப் நிக்கக் கூடாது," என்றான் முட்டுக்கட்டை. "போலீஸ்காரன் வழியில நிறுத்தி போனை வாங்கிப் பாக்குறான். செவப்புச் சின்னம் இருந்தா அதுவே சாட்சி. ஊர்வலத்துப் பக்கமே போகாத ஆளையும் சேத்து உள்ள தள்ளுவான்."

"பயந்தாங்கொள்ளிக்குக் காரணத்துக்கா பஞ்சம்?"

"ரெண்டு பேரும் வாயக் கழுவிட்டு வந்து பேசுங்க," என்றார் பெரியம்மா.

நாள்கணக்காக இது ஓடியது. நடுவில் அரைத்தூக்கம் எட்டிப் பார்த்து எழுதினார்: "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. நீங்க பேசி முடிச்சு வைங்க. நான் தெருவுக்குப் போயிட்டு வந்து படிச்சுக்கிறேன்."

அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

5

அந்த நகரங்களில் எது அவர் ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தம்பி எல்லா ஊர்ச் செய்திகளையும் படித்தான். கைதானவர்கள், காயம்பட்டவர்கள், எல்லாம். பெயர் தெரியாதவரைப் பெயர்ப் பட்டியலில் எப்படித் தேடுவது? ஒரு நாள் பார்த்தால், எல்லா ஊரிலும் மழையா வெயிலா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழைய எதுக்குடா பாக்குற?"

"தெரியலக்கா. நனைவாங்களேன்னு."

இப்படி ஒரு பதிலை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

மற்ற செயலிகளில் ஒருவர் கடைசியாக எப்போது வந்துபோனார் என்று ஒரு வரி தெரியும் அல்லவா? இதில் தெரியாது. அந்த வரியைப் பிடுங்கி எறிந்ததே என் தம்பியும் அரைத்தூக்கமும்தான். கூடவே இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தார்கள். ஒரு மாதம் திறக்கப்படாத கணக்கு தானாகவே அழிந்துவிடும், படிக்கப்படாத செய்திகளோடு. போனைப் பறிகொடுத்தவருக்கு அது காவல். அதைச் செய்து முடித்த அன்று இரண்டு பேருக்கும் ஒரே பெருமை. இப்போது அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்துவிட்டால் அரைத்தூக்கத்தைக் கூப்பிட இவர்களிடம் வேறு வழியே கிடையாது. பூட்டை இவ்வளவு கெட்டியாகச் செய்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

6

தீப்பெட்டிதான் வழி கொண்டுவந்தார். அடுத்த பதிப்பில் நாலு வரி நிரல் சேர்ப்பது. அந்த நாலு வரி அரைத்தூக்கத்தின் போனில் மட்டும் வேலை செய்யும். போன் விழித்திருக்கிறதா, எந்த ஊரில் இருக்கிறது என்று குழுவுக்கு ரகசியமாகச் சொல்லும். ஒரே ஒரு தடவை. தெரிந்ததும் எடுத்துவிடலாம்.

புதிய பதிப்பு வெளியே போக இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும் என்பது குழுவின் வழக்கம். கணினியில் அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கான ரகசியச் சாவி மூன்று பேரிடம்தான் உண்டு: பெரியம்மா, அரைத்தூக்கம், என் தம்பி. பெரியம்மா போட்டுவிட்டார். மிச்சம் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

(முதல் பிரதியில் தீப்பெட்டியை வில்லனாக்கியிருந்தேன். தம்பி பிடித்துக்கொண்டான். "தப்புக்கா. அந்த நாலு வரிக்குக் கீழ அவங்க என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? 'நான் சண்ட போடாம இருந்திருந்தா, அவங்க அன்னைக்கு நம்மகூட உக்காந்து பேசிட்டிருந்திருப்பாங்க'ன்னு." வில்லனை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் வில்லன் வேண்டுமென்றால் நீங்கள் வேறு கடை பார்க்கலாம்.)

7

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். நான் சும்மா இருப்பேனா?

"போட்டுத் தொலையேன்டா. ஒரு உசுருடா அது. கொள்கையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்."

"போன் அவங்க கையில இல்லாம, பிடிச்சவன் கையில இருந்தா? நாம தட்டினா அது பதில் சொல்லும். பதில் சொல்றத அவனும் பாப்பான். அதுவரைக்கும் அவங்க சும்மா ஊர்வலத்துக்கு வந்த ஆளு. அதுக்கப்புறம் இந்த ஆப்பக் கட்டின ஆளு."

"வீட்டுல காய்ச்சல்ல படுத்திருந்தா?"

"அப்பவும், அவங்க கூப்பிடாம அவங்க வீட்டுக்குள்ள நான் எட்டிப் பாத்தவன்தான்."

"பாசத்துல பாக்குறதுல என்னடா தப்பு?"

"எல்லாரும் பாசத்துலதான்க்கா பாக்குறாங்க. அப்பா உனக்கு வந்த தபாலப் பிரிச்சுப் படிச்சதும் பாசத்துலதான்."

எனக்குச் சுருக்கென்றது. அப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது இந்தப் பயலுக்கும் தெரியும். தோற்றுப்போன ஆத்திரத்தில், "அப்ப உனக்குக் கவலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

தலையில் பாதி முடி போன என் தம்பி, ஈரச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான். மிச்சத் துணியை நானே உலர்த்தினேன்.

8

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: தம்பி கையெழுத்துப் போடுகிறான். கொஞ்ச நேரத்தில் பதில் வருகிறது. அரைத்தூக்கம் பத்திரமாக இருக்கிறார், போன் தண்ணீரில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். (அப்பாடா என்று மூச்சு விடுவீர்கள். ஆனால் என் தம்பி செய்யாததை அவன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.)

இரண்டாவது: தம்பி மறுக்கிறான். கணக்கு அழிகிறது. சில மாதம் கழித்துப் புதிதாக ஒருவர் குழுவுக்கு வருகிறார், முதல் நிரலைத் தருகிறார், கீழே ஒரு குறிப்பு: "அரைத்தூக்கத்துல எழுதினது." (எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதும் சந்தேகம் வந்தது. தம்பியிடம் சொன்னேன். "புதுசா ஒருத்தர் வந்தா, அது அவங்கதானான்னு மோப்பம் பிடிக்கக் கூடாதுக்கா," என்றான். "புதுசா வர்ற உரிமை எல்லாருக்கும் உண்டு.")

மூன்றாவது: காவல் நிலையத்தின் பின்னறையில்...

(மாட்டேன். கை ஓடவில்லை.)

9

நடந்ததைச் சொல்கிறேன். தம்பி கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று விளக்கி எழுதினான். பெரியம்மா தன் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, மன்னிச்சிடுங்க," என்றார். தீப்பெட்டி தன் நாலு வரியைத் தானே அழித்தார். வேலைநிறுத்தத்தை ஆதரித்துத் தன் பட்டப்பெயரில் தனியாக ஓர் அறிக்கை எழுதினார். அதில் முதல் ஆளாகப் பெயர் சேர்த்தவன் முட்டுக்கட்டை. சின்னம் பழைய நிறத்திலேயே இருந்தது.

பிறகு எல்லாரும் அரைத்தூக்கத்துக்கு ஆளுக்கொரு செய்தி எழுதினார்கள். திறந்தால் படிப்பார். திறக்காவிட்டால் கணக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும், தெரிந்துதான் எழுதினார்கள். என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினான். தேநீர் கொண்டுபோன சாக்கில் நான் லேசாகத் தலையை நீட்டினேன். திரும்பாமலே, "எட்டிப் பாக்காத," என்றான். தம்ளரை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வந்துவிட்டேன்.

மாதம் முடிந்தது. அந்தப் பட்டப்பெயரைத் தேடினால், அப்படி ஒருவர் இல்லை என்று காட்டியது.

"சரியா வேலை செய்யுது," என்றான் தம்பி. அவன் குரல் சரியாக இல்லை.

10

நிபந்தனைப்படி இதுவரை எழுதியதை அவனிடம் கொடுத்தேன். என் மேசையில் உட்கார்ந்து படித்தான். இரண்டு இடத்தில் தொழில்நுட்பப் பிழை திருத்தினான். தான் அழுததை எடுக்கச் சொல்வான் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான்.

"முடிவு?"

"நீயே பாக்க மாட்டேன்னுட்ட. நான் மட்டும் எப்படிப் பாக்குறது? முடிவில்லாமத்தான் விடப்போறேன்."

காகிதத்தின் ஓரத்தை மடித்தான், நிமிர்த்தினான், மறுபடி மடித்தான்.

"அக்கா."

"சொல்லுடா."

"நெசத்துல பாக்க மாட்டேன். இன்னொரு தடவ கேட்டாலும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா கதைதானே இது... இதுலயாவது அவங்கள வீட்டுல கொண்டுபோய் விட்டுடேன்."

இதைச் செய்து தா என்று என் தம்பி என்னிடம் இதுவரை கேட்டதில்லை. உடனே உட்கார்ந்தேன். எத்தனையோ பாத்திரங்களை வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான், ஒரு பத்தி வேலை.

அரைத்தூக்கம் படியேறி வந்து கதவைத்...

யார் திறப்பது? மனைவியா, கணவனா, பிள்ளையா, யாரும் இல்லாமல் தானே திறந்துகொள்கிறாரா? வந்தவருக்கு நரைத்திருக்கிறதா? கதவு என்ன நிறம்? ஒவ்வொன்றையும் நான் சொல்லியாகவேண்டும். சொன்னால், இத்தனை வருஷம் அவர் யாரிடமும் சொல்லாததை நான் பறித்து அச்சில் போட்டவள் ஆவேன். என்னைத் தடுக்க யாரும் இல்லை, இரண்டாவது ஆள் கையெழுத்தும் எனக்குத் தேவையில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

ஆனாலும் தம்பி கேட்டானே. அதனால் பாதி தூரம் நான் கூட்டி வந்திருக்கிறேன். இதோ, தெருமுனை. அரைத்தூக்கம் தன் காலாலேயே நடந்து வருகிறார். கொஞ்சம் களைப்பு, வேறொன்றும் இல்லை. இந்த அளவுக்குப் பொய் சொல்லக் கதை எழுதுகிறவளுக்கு உரிமை உண்டு. இங்கிருந்து நீங்கள் கூட்டிப் போங்கள். எந்த வீடு, யார் கதவைத் திறந்தார்கள், பார்த்ததும் என்ன சொன்னார்கள், எல்லாம் உங்களோடு இருக்கட்டும். எனக்கு எழுத வேண்டாம். என் வாய் சும்மா இராது, நானே கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

தம்பி வாசல்படியில் வந்து நிற்கிறான். "விட்டுட்டியாக்கா?" என்று கேட்கிறான்.

"விட்டாச்சுடா," என்கிறேன்.

உங்களை நம்பித்தான் சொல்கிறேன்.