வாவாவின் மூக்கு

வாவாவின் மூக்குக்கு ஞானசுந்தரம் வைத்த விலை பர்மாப் பணத்தில் மூன்று லட்சம் கியாட். மூக்குக்கு மட்டும். மீதி நாய்க்கு அவர் விலை சொல்லவில்லை. அது மூக்கோடு ஒட்டிக்கொண்டு சும்மா வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

"மூக்க மட்டும் தனியா பொட்டலம் கட்டித் தரவா அண்ணே?" என்று கேட்டாள் புஷ்பலதா.

"கிண்டல் பண்ணாத புஷ்பா. தெரு நாய்க்கு மூணு லட்சம் எவன் தருவான்?"

"எவனும் தர மாட்டான். அதனாலதான் கேக்குறேன், நீங்க எதுக்குத் தர்றீங்க?"

ஞானசுந்தரம் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். பதில் சொல்லக் கூடாத கேள்வி வந்தால் அவர் தேநீர் எப்போதுமே சூடாகத்தான் இருக்கும். லான்மடா பேட்டையில் மான்கொம்பு வாங்கி விற்கும் கடை அவருடையது. கத்திப் பிடி செய்பவர்கள், கைத்தடி செய்பவர்கள் எல்லாரும் அவரைத் தேடித்தான் வரவேண்டும். மிஷன் பள்ளியில் படித்த குமாஸ்தா வீட்டுப் பிள்ளை. கடையில் தலைக்கு மேலே வேதவசனம் மாட்டியிருக்கும். அதன் கீழே உட்கார்ந்துதான் விலை சொல்வார். சொல்கிற விலையைப் பொய் என்று அவர் நினைத்ததில்லை. ஆரம்ப விலை என்றுதான் நினைத்தார்.

புஷ்பலதாவும் லேசுப்பட்டவள் இல்லை. பக்கத்துத் தெருவில் அவள் அப்பா பருப்புக் கடை வைத்திருந்தார். தராசுத் தட்டுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள். இப்போது கிடங்குகளுக்குக் காவல் நாய் பழக்கிக் கொடுக்கிறாள். கியாக்தான் ஊருக்கு அந்தப்பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலி போட்டுக் கடமான் வளர்க்கும் ஊ போ டின்னின் மரக்கிடங்குக்கும் அவள் பழக்கிய நாய்கள்தான் காவல்.

கடமான் கிடாய்கள் வருஷத்துக்கு ஒரு முறை கொம்பை உதிர்க்கும். மழை விழுந்ததும் புல் இடுப்புக்கு வளர்ந்து கொம்பை மூடிவிடும். ஆள் கண்ணுக்குப் படுவதற்குள் முள்ளம்பன்றி கடித்துப் பாதியாக்கிவிடும். ஞானசுந்தரம்தான் ஆள் விட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கியதைவிட விட்டது அதிகம் என்று ஊ போ டின்னுக்குச் சந்தேகம். "நாய் தேடுமா?" என்று போன மார்கழியில் ஒரு வார்த்தை கேட்டார். "தேடும்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள். சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு நாய் வேண்டும் என்பதே அவளுக்கு நினைவு வந்தது.

நாய் பொறுக்குவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மீன் சந்தைக்குப் பின்னால் போய், நாய்க் கூட்டத்துக்கு நடுவில் ஒரு கொம்புத் துண்டைக் காட்டி விளையாட்டுக் காட்டுவாள். பிறகு வைக்கோல் குவியலுக்குள் எறிந்துவிடுவாள். முகத்தைப் பார்க்கிற நாய் காவலுக்கு ஆகும். கையைப் பார்க்கிற நாய் திருடும். தரையைப் பார்க்கிற நாயைத்தான் அவள் தேடினாள். அன்று எறிந்ததும் எல்லா நாயும் வைக்கோலுக்குள் பாய்ந்தன. மீன்காரி ஒரு தலையை வீசியதும் எல்லாமே திரும்பிவிட்டன, ஒன்றைத் தவிர. மஞ்சள் நிறம், ஒரு காது மடிந்தது, வாலில் பாதி எங்கேயோ போய்விட்டது. மீன்தலை பக்கத்தில் கிடக்க, அது வைக்கோலுக்குள் மூக்கை விட்டுத் தும்மிக்கொண்டே தேடியது.

"இதப் போயா?" என்றாள் மீன்காரி. "இதுக்குப் புத்தி கிடையாதும்மா. சாப்பிடக்கூடத் தெரியாது."

"அந்தப் புத்தி வேற நாய்ங்ககிட்ட நிறைய இருக்கு. எனக்கு இதுதான் வேணும்."

மஞ்சளாக இருந்ததால் வாவா என்று பர்மியப் பெயர் வைத்தாள். பழக்குவதற்குக் கொம்பு கேட்டு ஞானசுந்தரம் கடைக்குப் போனாள். அவர் மூலையில் கிடந்த ஒன்றைக் காலால் தள்ளினார். தோட்டத்திலிருந்து வந்தபடியே கிடந்தது. மண், பாசி, எலி கடித்த தடம்.

"இத எடுத்துக்க. காசு வேணாம்."

"கழிச்சுப் போட்டத என் தலையில கட்டாதீங்க அண்ணே. நல்ல சரக்கா குடுங்க. நாய் பழகப்போறது."

கண்ணாடி அலமாரியிலிருந்து தேன் நிறத்தில் மினுமினுத்த இரண்டு கொம்புகளை வாடகை பேசி வாங்கிக்கொண்டு போனாள். வாடகையில் பாதியைக் குறைத்ததில் அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம்.

வாவா சீக்கிரம் பழகியது. "ஷா!" என்றால் தேடவேண்டும், பர்மாவில் பிறந்த நாய்க்குப் பர்மியச் சொல். கண்டுபிடித்தால் பக்கத்தில் உட்காரவேண்டும். உட்கார்ந்தால் ஒரு துண்டு கருவாடு. அரிசிப் பானைக்குள் ஒளித்தாள், கண்டுபிடித்தது. மாடிப்படிக்கு அடியில், செருப்புக் குவியலில், பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் கூடையில், எங்கே வைத்தாலும் கண்டுபிடித்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. அந்தப் புகழைக் கேள்விப்பட்டுத்தான் ஞானசுந்தரம் மூக்குக்கு விலை பேச வந்திருந்தார்.

"சரி, விக்க வேணாம்," என்றார் அவர், தேநீரைக் கீழே வைத்துவிட்டு. "பந்தயம் வச்சுக்குவோம். ஊ போ டின் தோட்டம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள அஞ்சு கொம்பு. உன் நாய் எடுத்துட்டா இந்த மழைக்குப் பொறுக்குற வேலை உனக்கு. நீ சொல்ற விலைக்கு நான் வாங்குறேன். எடுக்கலைன்னா நாய் எனக்கு. காசு கிடையாது."

"ஞாயித்துக்கிழமை வச்சுக்குவமா?"

"ஞாயிறு கோயிலுக்குப் போகணும். சனிக்கிழமை."

"சரி" என்ற சொல் அவள் யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து இறங்கிவிட்டது. கடைக்காரன் மகளுக்கு அதுதான் வியாதி. நல்ல பேரம் கண்ணில் பட்டால் தட்டில் எதை வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். வழக்கம்போல வாவா அந்தச் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் தட்டில் வைத்தது எது என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் பயப்படவில்லை. அரிசிப் பானைக்குள் கண்டுபிடித்த நாய் புல்லுக்குள் கண்டுபிடிக்காதா?

சனிக்கிழமை ஞானசுந்தரம் தன்னுடைய ஹைலக்ஸ் வண்டியில் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். "சும்மா சரக்கு எப்படி இருக்குன்னு ஒரு சுத்து சுத்திப் பார்த்தேன்" என்றார். தோட்டத்துக்கார ஊ போ டின் வெற்றிலையை மென்றபடி குடையின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புஷ்பலதா வாவாவை அவிழ்த்துவிட்டாள்.

"ஷா!"

வாவா ஓடியது, முகர்ந்தது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் புல் மிதிபட்டு, மண்ணோடு ஒரு கொம்பு கண்ணுக்குத் தெரியும்படியே கிடந்தது. வாவா அதைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டது. 

"உன் நாய்க்குக் கொம்புன்னா என்னன்னு யாராவது சொன்னீங்களா?" என்று பர்மியத்தில் கேட்டார் ஊ போ டின்.

அப்போது காற்று திரும்பியது. வாவாவின் தலை நிமிர்ந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக, அம்பு மாதிரி ஓடிவந்தது. வந்து ஞானசுந்தரத்தின் முன்னால் உட்கார்ந்து, அவர் கைகளைப் பார்த்து வாலின் மிச்சத்தை ஆட்டியது.

தோட்டத்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எனக்குக் கொம்பு முளைச்சிருக்கா புஷ்பா?" ஞானசுந்தரம் தலையைத் தடவிக் காட்டினார். "நல்லாப் பார்த்துச் சொல்லு. ரெண்டா, ஒண்ணா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். நல்லெண்ணெய், கிராம்புத் தைலம். வாரா வாரம் கடையில் கொம்புகளுக்கெல்லாம் எண்ணெயும் தைலமும் போட்டுத் துடைப்பார். வண்டு அரிக்காது, பளபளப்பாகவும் இருக்கும். அந்தப் பளபளப்பைத்தான் அவள் பேரம் பேசி வாடகைக்கு எடுத்தாள். மண்ணோடு கிடந்த அசல் கொம்பை, சும்மா கொடுத்ததை, கழிவு என்று தள்ளிவிட்டு வந்தாள். இத்தனை மாதமும் வாவா தேடிப் பழகியது கொம்பை இல்லை. ஞானசுந்தரத்தின் கடையை.

"ஒத்துக்கிறியா?" என்றார் அவர்.

"மணி அடிக்கட்டும் அண்ணே."

"நாய்தான் என்னைத் தேடி வந்துருச்சே. சாமி சித்தம்!"

"சாமியையும் சாட்சிக்கு இழுக்காதீங்க. நாய் ஏமாத்தல. நான் கத்துக்கொடுத்தத ஒழுங்காத்தான் செஞ்சுது. ஊலே," மாமா என்று பர்மியத்தில் கூப்பிட்டு அவள் ஊ போ டின்னிடம் திரும்பினாள், "இந்த மனுஷன வண்டிக்குள்ள உக்காரவச்சுக் கண்ணாடியை ஏத்தச் சொல்லுங்க. காத்துல இவர் வாசனைதான் வருது."

ஊ போ டின் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுக் கையைக் காட்டினார். ஞானசுந்தரம் வியர்வையோடு முணுமுணுத்துக்கொண்டே போய் வண்டியில் ஏறினார்.

புஷ்பலதா ஒரு வாழையிலையைக் கிழித்தாள். தாண்டிப் போன அந்தக் கொம்பைக் கை படாமல் இலையால் பிடித்து எடுத்தாள். வாவாவுக்கு முகரக் கொடுத்து, கருவாடு கொடுத்தாள். கொஞ்ச தூரத்தில் புல்லுக்குள் வைத்துவிட்டு "ஷா!" என்றாள். தயங்கித் தயங்கிப் போய் உட்கார்ந்தது. கருவாடு. இன்னும் தள்ளி வைத்தாள். இந்த முறை தயக்கம் இல்லை. விளையாட்டு அதற்கு ஏற்கெனவே தெரியும். சரக்கு மட்டும்தான் மாறியிருந்தது. நல்ல வியாபாரிக்குச் சரக்கு மாறினால் என்ன?

பழக்கிய கொம்பை ஊ போ டின் காலடியில் வைத்தாள். "இது கணக்குல சேராது ஊலே." பிறகு நாயை விட்டாள்.

ஓடை ஓரம் ஒன்று. கிடாய்கள் உரசும் மரத்தடியில் ஒன்று. அதன் ஜோடி பத்தடி தள்ளி, ஈரத்தில் பாதி புதைந்து கிடந்தது. உட்கார்ந்ததும் கருவாடு, உட்கார்ந்ததும் கருவாடு. நாலாவதை வேலி முள்ளுக்குள்ளிருந்து இழுக்கும்போது வாவாவின் மடிந்த காதில் ரத்தம். தோட்டத்துச் சமையல்காரன், மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை அடிக்கக் கையில் சுத்தியலோடு வந்து நின்றான்.

"நாலு!" வண்டிக் கண்ணாடியை இறக்கிக் கத்தினார் ஞானசுந்தரம். "நாலுதான்! அடிப்பா மணிய!"

ஊ போ டின் கையை உயர்த்தினார். வாவா வந்துகொண்டிருந்தது. புல்லை விட்டு, பாதையில் ஏறி, நேராக வண்டிக்கு.

"மறுபடியும் நான்தானா?" என்று ஞானசுந்தரம் சிரித்து, இரண்டு கையையும் கண்ணாடி வழியாக நீட்டினார். எண்ணெய் மணக்கிற கைகள். வாவா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய், மூக்கை இடுக்கில் வைத்து, உட்கார்ந்தது.

ஞானசுந்தரத்தின் சிரிப்பு நின்றது.

"பின்கதவைத் திறங்க அண்ணே."

"அங்க ஒண்ணும் இல்ல. சாக்குதான்."

"சாக்குன்னா பயமில்லையே. திறங்க."

திறந்தது ஊ போ டின். சாக்குக்குள் ஒரு அருமையான கொம்பு, மண் காயாதது, மூன்று கிளையும் முறியாதது. காலையில் சரக்கைப் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றியபோது கண்ணில் பட்டது.

"சாம்பிள்," என்றார் ஞானசுந்தரம். "சாம்பிளுக்கு எடுத்தேன். வியாபாரத்துல வழக்கம்தானே."

ஊ போ டின் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமும் உன் ஆளுங்க நிறைய சாம்பிள் எடுத்திருப்பாங்க போலிருக்கே," என்றார். பிறகு சமையல்காரனைப் பார்த்துத் தலையாட்டினார். "அஞ்சு. இப்ப அடி."

மணி அடித்தது. புஷ்பலதா நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஞானசுந்தரம்தான் வண்டி ஓட்டினார். வண்டி பாலத்தைத் தாண்டியது. பிறகு, "நாலு லட்சம்" என்றார்.

"மூக்குக்கா?"

"முழு நாய்க்கு."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க அண்ணே."

அவள் மடியில் தாடையை வைத்திருந்த வாவா தலையைத் தூக்கி, முதல்முறையாக அவள் கையையே பார்த்தது. ஏன் பார்க்கிறது என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு கருவாட்டுப் பொட்டலத்தைத் தடவினாள்; பழக்கியதிலும் தேடியதிலும் காலியாகியிருந்தது. புல்லில் கண்டது நாலு கொம்பு, கொடுத்தது நாலு துண்டு. சாக்கில் கண்டது ஒன்று. அந்தக் கலாட்டாவில் அதற்குக் கொடுக்கவில்லை.

வரவு ஐந்து. செலவு நான்கு. வாவாவுக்குப் பாக்கி, கருவாடு ஒரு துண்டு.